பாட்டுப் போட்ட சிடி

1. ஒரு அம்மா தன் கல்யாண வீடியோ கேசட்டை ஆரணிக் கடை ஒன்றில் சிடியாக மாற்றக் கொடுத்திருக்கிறார்.
2. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்.
3. சிடியைப் போட்டுப் பார்த்த அந்த அம்மா, நாத்தனாரோடு சேவூரில் ஆரணி பஸ் ஏறினார். எனக்கு முன் சீட்.

“எங்கப்பா வாயத் தொறக்கிறாரு, பொம்பள கொரல்ல பாட்டு வருது!”

நாத்தனார் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதடி. என் கையப் புடிச்சு உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டு அழுதுகினே பேசினாரே, அது அந்தக் கேசட்ல மட்டும்தான் இருக்கு. மனுஷன் போய்ச் சேந்துட்டாரு. அவர் கொரல நான் வேற எங்க போய்க் கேப்பேன்?”

“போன் பண்ணீங்களே, கடைக்காரன் இன்னா சொல்றான் அண்ணி?”

“பின்னாடி ஒரே தறிச் சத்தமா இருந்துச்சாம். அதான் மொத்தத்தையும் எடுத்துட்டு நல்ல பாட்டா போட்டானாம். ஆரணியில கல்யாணம் எடுத்தா பக்கத்து வூட்டுத் தறி கேக்காம கடலா கேக்கும்?”

“கேசட்டு?”

“‘அதான் சிடி ஆயிடுச்சேக்கா, அழிச்சு வேற கல்யாணத்துக்கு எடுத்துக்கட்டுமா’ன்றான், பேஜார் புடிச்சவன்! தொட்டுப் பாருன்னு கத்திட்டுதான் கெளம்பினேன்.”

“ட்ரைவரண்ணே, ஜல்தியா போங்க!” என்று நாத்தனாரே கத்தினார்.

பஸ் ஸ்டாண்டில் இருவரும் இறங்கி வேகமாக நடந்தார்கள். கேசட் கடையில் இருக்கிறது. அவருடைய அப்பாவின் குரலும் அங்கேதான் இருக்கிறது.