கல் கட்டாத புடலை

புடலைப் பிஞ்சின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடாவிட்டால் அது சுருண்டுகொள்ளும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சார். எந்தப் பிஞ்சுக்கு எவ்வளவு கனம் என்பது நாரணாபுரம் வட்டாரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் புடலை ஏழடி. பந்தலை உயர்த்தி உயர்த்தி, கடைசியில் கோயில் மணிக்கும் அதற்கும் இடத்தகராறு வந்துவிட்டது. என் தோட்டத்தில் முற்றிய வெண்டைக்காய் ஒன்றை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் சாத்தூர் வரை போய்த் திரும்பினார். நீங்கள் சிரிக்கிறீர்கள். எழுதுகிற ஏட்டையாவும் சிரிக்கிறார். நல்லது. சிரித்த முகத்துக்கு எதிரே சொல்வது எளிது.

என் பெயர் அருளாந்து. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் பகுதிக்கு நாற்பத்திரண்டு வருஷம் போர்மேன். என் காலத்தில் அங்கே எதுவும் வெடித்ததில்லை. வாங்கிப் போனவன் வீட்டில்கூட வெடிக்கவில்லை என்று முதலாளி குறைப்பட்டுக்கொள்வார், அது வேறு விஷயம். நான் ஓய்வு பெற்றதும், சர்ச்சுக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த அரை ஏக்கரைப் பங்குச்சாமியார் என் கையில் கொடுத்தார். வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள், கை கால் வெந்து வேலைக்குப் போக முடியாதவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி, சனிக்கிழமை காலையில் பையோடு வந்தால் அந்த வாரத்துக் காய்கறி உண்டு. வெளியூர் ஃபாதர்கள் வந்து படம் எடுத்துப் போவார்கள்.

வரிசை கிணற்றடியில் தொடங்கி மாதா சிலை இருக்கிற கெபி வரை நிற்கும். நாற்பது பேர். வெளியே நான் நானூறு என்பேன். நாற்பது வாயும் "போர்மேன் ஐயா, சாப்பிட்டீகளா" என்று கேட்கும். எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அந்த ஒரு கேள்விக்காக வெள்ளிக்கிழமை முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததுகூட உண்டு.

போன வருஷம் சீசன் நன்றாக அமைந்துவிட்டது. ஆர்டர் குவிந்தது. தழும்பு ஆறியவர்களை எல்லாம் கம்பெனிகள் கூப்பிட்டுக்கொண்டன. வரிசை இருபதானது, பிறகு பதினொன்று. கத்தரிக்காய் செடியிலேயே முற்றி மஞ்சளானது.

வள்ளித்தாய் வந்த சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் கால் வெந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவன். அந்த இரண்டு வருஷமும் அவர்கள் அடுப்பில் கொதித்தது என் காய். அவள் காலிப் பையை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீக. அவுகளுக்கும் எனக்கும் ஒங்க பழைய கம்பெனியிலயே, ஒரே ஷெட்டுல வேலை கெடச்சிருச்சு. எங்க பங்க வேற யாருக்காச்சும் குடுங்க. எம்புட்டு நாளைக்கும்மா நீ இந்தப் பையத் தூக்கப் போறேன்னு எம் மக சினேகாவும் கேக்குறா."

"சந்தோசம் தாயி," என்றேன். சந்தோஷம்தான். பையைத் துவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அன்று பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் என் தோளில் கை போட்டார். "அருளாந்து, நல்ல காலம்தான்யா. வாங்க ஆளில்லாத தோட்டம் எதுக்கு? கிறிஸ்துமஸ் கழிச்சு அத மட்டப்படுத்தி வண்டி நிறுத்த விட்ருவோம். நீயும் ரெஸ்ட் எடு."

காய் இருந்தது. தண்ணீர் இருந்தது. நான் இருந்தேன். இல்லாதது ஏழைகள் மட்டும்தான். வரப்பில் உட்கார்ந்து பொறுமையாக யோசித்தேன், சார். வெறி பிடித்துச் செய்ததாகத் தயவுசெய்து எழுத வேண்டாம்.

வெள்ளிக்கிழமைதோறும் பழைய கம்பெனிக்குக் காய் கொண்டுபோவது என் வழக்கம். கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் ஊர்க்காவலன் என் பையைப் பார்த்துச் சிரித்தான்.

"பையில என்ன பெரிசு, ராக்கெட்டா?"

"புடலங்காய்லே. பத்த வச்சா மதுரைக்குப் போகும்."

"நீரு சொன்னா மதுரை, நெசத்துல திருத்தங்கல் தாண்டாது. போங்க."

என் பொய்க்குப் பழகிய ஊர். அதனால் என் பையை யாரும் துழாவுவதில்லை.

மருந்து ஷெட்டில் இரும்பு கூடாது, கல் கூடாது. செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழைய வேண்டும். அதில் ஒட்டிய ஒரு பொடிக்கல் உரசினால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும். இதை மாரிக்கண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்று காலை ஒரு பிஞ்சிலிருந்து அவிழ்த்த கல்லை, எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் உள்ளே விட்டுவிட்டு வந்தேன். எங்கே, எப்படி என்று கேட்காதீர்கள். படித்துவிட்டு இன்னொருவனும் தோட்டம் போடக் கிளம்புவான்.

சத்தம் வந்தபோது நான் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். விருதுநகர் வரை கேட்டதாகப் பிறகு நானே சொல்லித் திரிந்தேன். வாளியை வைத்துவிட்டு ஓடினேன். ஷெட் இருந்த இடத்தில் புகையும் தரையும்தான். வாசல் பக்கம் ஏழு ஜோடிச் செருப்பு வரிசை கலையாமல் இருந்தது. வேப்பமரத்தில் சேலைத் துணியோடு ஒரு தோள் தொங்கியது. மாரிக்கண்ணனை ஒரு வேட்டியில் அள்ளினார்கள். ஒரு முனையை நான்தான் பிடித்தேன். ஒரு கட்டுப் புடலையின் எடைகூட இல்லை.

செத்தது நான்கு பேர். எதையும் பத்தால் பெருக்குகிறவன் நான். இதைப் பெருக்கவில்லை. மற்ற மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து ஷெட்டுகளிலும் பலருக்குக் காயம். ஆபீசர்கள் கம்பெனியைப் பூட்டி சீல் வைத்தார்கள், எல்லோருக்கும் வேலை போனது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று பேப்பரில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை வரிசை மறுபடியும் மாதா கெபியை எட்டியது. முப்பத்தெட்டு பேர். பங்குச்சாமியார் அழுதுகொண்டே, "தோட்டம் இருந்தது ஆண்டவர் செயல்," என்றார். நான் மறுக்கவில்லை.

வள்ளித்தாய் ஒன்றரை மாதம் கழித்து வந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கட்டு. பையை சினேகா வைத்திருந்தாள். அன்று துவைத்து மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்த அதே பைதான், முந்தின வாரம் நான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். இருப்பதிலேயே நீளமான காயை எடுத்து வள்ளித்தாயின் தோளில் சார்த்தினேன். அவள் சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை. பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதைக்கு விட்டவை எல்லாம் நீல நூலில் கல்லோடு நேராகத் தொங்கின. ஒன்று மட்டும் பன்றிவால் போலச் சுருண்டு, பழுத்துச் சிவந்திருந்தது.

"இதுக்குக் கல்லு எங்கன ஐயா?"

நான் அடுத்த பைக்குக் காய் எடுத்தேன்.

"அன்னைக்கு மருந்துக்குள்ள ஒரு கல்லு கெடந்துச்சு. நீல நூலு சுத்தியிருந்துச்சு. கைய வைக்காதீகன்னு அவுககிட்டச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

நூலை அவிழ்க்க மறந்துவிட்டேன், சார். நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் செய்த ஒரே கவனக்குறைவு. வள்ளித்தாய் நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுடைய சனிக்கிழமைப் பங்கை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

சாட்சிக்கு என்று உங்கள் ஆட்கள் அந்தச் சுருண்ட காயைப் பறித்துப் போனார்களாம். பார்த்து முடித்ததும் தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அது விதைக்காய். ஆடியில் ஊன்ற வேண்டும். முப்பத்தெட்டு குடும்பம், சார். என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?