மச்சான் மூடின பாட்டில்

...நாத்தந்தான் டீச்சர், நான் இல்லேன்னா சொல்றேன்? கொடலப் புடுங்குது. நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு வேலி ஓரமா வந்து நின்னப்பவே புரிஞ்சுபோச்சு. நீங்க குடிவந்து பத்து நாள்தான் ஆகுது, பக்கத்து வீட்டுக்காரன் பின்னாடி குழி வெட்டி எதையோ புதைக்கிறான்னா யாருக்குத்தான் பக்குனு இருக்காது! பயப்படாதீங்க. தக்காளி. வெறும் தக்காளி. அந்தா அடுக்கி வச்சிருக்கேன் பாருங்க, முப்பத்தெட்டு பாட்டில். ஒண்ணு விடாம கெட்டுப்போச்சு. ஒண்ணொண்ணா குழியில கவுக்கறேன்... தள்ளி நில்லுங்க, தெறிக்கும். சிலது மூடியத் தொட்டாலே சீறுது.

யாராலயா? அதக் கேளுங்க! எல்லாம் என் மச்சானால. என் சம்சாரத்தோட தம்பி. ஆஸ்பத்திரி சமையக்கட்டுல இருவது வருஷமா சமைக்கிறானாம். சமைக்க மாட்டானா? படுத்துக் கெடக்கிற நோயாளி எந்திரிச்சு வந்து கேள்வியா கேக்கப்போறான்!

இருங்க, மொதல்லேருந்து வரேன். நீங்க நிக்கிற எடத்துலேருந்து இந்தச் சொவரு வரைக்கும் தக்காளி போட்டிருந்தேன். ரிட்டயர் ஆனதும் கை சும்மா இருக்கல. அறுவது செடி. "வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு, ஆறு செடி போதும்"னா என் சம்சாரம். நான் கேப்பனா? மொத மாசம் தெருவுக்கே கூடை கூடையா குடுத்தேன். வாங்குனாங்க, சிரிச்சாங்க. ரெண்டாவது மாசம் நான் கூடையோட வர்றதப் பாத்தாலே ஜன்னல சாத்துனாங்க. தபால்காரரு சைக்கிள அடுத்த தெரு வழியா திருப்பிட்டாரு. சும்மா குடுத்தா மதிப்பில்ல டீச்சர், என்னத்தச் சொல்ல.

அப்புறம் குளுரு வந்துருச்சு. பனி விழுந்தா செடி மொத்தமும் கருகிரும்னு ரேடியோவுல சொல்லிட்டான். பழுத்தது, பழுக்காதது, எல்லாத்தையும் ஒரே நாள்ல பறிச்சு, செடிய வேரோட புடுங்கிப் போட்டேன். வீட்டுல கால் வைக்க எடமில்ல. கட்டிலுக்கடியில தக்காளி, துணி அலமாரியில தக்காளி, குளிக்கிற தொட்டியில தக்காளி. மூணு நாள் நாங்க குளிக்கவே இல்ல... இது எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்... சரி விடுங்க.

அப்பத்தான் இவ தம்பிக்கு ஃபோனப் போட்டா. தொர வந்து எறங்குனாரு! வருஷத்துக்கே ஒரு வாரந்தான் லீவாம், அத நமக்காக எடுத்தானாம். நாலு நாள் நின்ன கால்லயே நின்னான். தோல உரிச்சான், பாட்டிலெல்லாம் கொதிதண்ணியில போட்டு எடுத்தான், தக்காளிய நெரப்பி மூடி, மறுபடி பாட்டிலோட முக்கா மணி நேரம் கொதிக்க வச்சான். ஆவி அடிச்சு கையில இவ்ளோ பெரிய கொப்புளம். ஒழைச்சான். நான் இல்லேங்கல. ஆனா ஒழைப்பு வேற, தரம் வேற டீச்சர்!

தரத்தப் பத்தி என்கிட்டதான் கேக்கணும். முப்பத்தொரு வருஷம் பம்ப் கம்பெனியில செக்கிங் பாத்தவன். என் கையெழுத்து இல்லாம ஒரு நட்டு வெளிய போனதில்ல. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாப்பேன். எனக்கு அங்க பட்டப்பேரே 'ரிட்டன்'. எதக் கொண்டாந்து நீட்டுனாலும் திருப்பி அனுப்பிருவேன்னு. கேலியாத்தான் வச்சானுங்க, எனக்குப் பெருமைதான்.

போன ஞாயித்துக்கெழம மச்சான் பொண்டாட்டி புள்ளையோட சாப்பிட வந்தான். 'மாமா, நம்ம தக்காளிய எடுங்க'ன்னு அவன் பொண்ணு ஆசையா கேட்டுது. போய் எடுத்தா... மேல பச்சையா பூஞ்சக்காளான், உள்ள நொரை! அடுத்ததும் அப்படியே. முப்பத்தெட்டும் அப்படியே. எனக்கு வந்துது பாருங்க கோவம். சாப்பாட்டு மேஜையில எல்லார் முன்னாடியும் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். "ஆஸ்பத்திரியில எத்தன பேர இப்படி அனுப்பி வச்ச?"ன்னேன். அந்தப் பொண்ணு அப்பன் மூஞ்சியவே பாத்துது. அவன், "அத்தான், மூடியெல்லாம் நல்லா உள்வாங்கித்தானே இருந்துச்சு?"ன்னான். அவ்ளோதான். தட்டத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அன்னேலேருந்து என் சம்சாரமும் என்கிட்ட பேசறதில்ல. அஞ்சு நாளாச்சு. தட்ட எம்முன்னாடி ணங்குனு வைக்கிறா, போறா.

கேள்வியப் பாருங்க, மூடி உள்வாங்கியிருந்துச்சாவாம்! உள்வாங்கித்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதா? நாந்தான் சோதிச்சேனே! அவனே சொன்னான், காத்து உள்ள போகாம மூடியிருந்தா மூடி உள்வாங்கியிருக்கும், தொறக்கும்போது 'டப்'புனு ஒரு சத்தம் வரும்னு. அவன் ஊருக்கு பஸ் ஏறுனதும் நோட்டும் பேனாவுமா உக்காந்தேன். ஒண்ணாம் நம்பர், டப்பு, டிக்கு. ரெண்டாம் நம்பர், டப்பு, டிக்கு. முப்பத்தெட்டும் டப்பு டீச்சர்! எனக்கே ஆச்சரியம். என் சர்வீஸ்லயே ஒரு ரிட்டன்கூட இல்லாம பாஸான சரக்கு அது ஒண்ணுதான். அப்புறம் பழையபடி கையால இறுக்கி மூடி அலமாரியில அடுக்குனேன்.

...ஆமா, தொறந்துதான். தொறக்காம எப்படிச் சத்தம் வரும்?

...எல்லாத்தையுந்தான். ஒண்ணு ரெண்ட மட்டும் பாத்துட்டு மத்தத விடறதெல்லாம் சோம்பேறி வேல...

...என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க?

...காத்தா? காத்து... தொறந்தப்ப... உள்ள...

அட.

அடடடா.

சிரிங்க, பரவால்ல, நல்லா சிரிங்க. நான் ஒரு நிமிஷம் இந்தக் கல்லு மேல உக்காந்துக்கறேன். புள்ள முன்னாடி கேட்டுட்டேனே டீச்சர். அவன் பெத்த புள்ள முன்னாடி. அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்... நாந்தான் தொறந்திருப்பேன்னு என் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். சொல்லாமப் போயிட்டான் பாருங்க.

இது நமக்குள்ள இருக்கட்டும். மெல்ல, நேரம் பாத்து, நானே வீட்டுல... ஏன் எனக்குப் பின்னாடி பாக்குறீங்க?

...ஏம்மா. சமையக்கட்டு ஜன்னல்கிட்ட எவ்ளோ நேரமா நிக்கிற? கையில என்ன அது, ஃபோனா? ...லைன்ல யாரு? ...பேசமாட்டியா? கம்பி வழியா நீட்டுனா என்ன அர்த்தம்? இரு, கையெல்லாம் தக்காளி, தொடச்சுக்கறேன்... நீங்க போகாதீங்க டீச்சர், கொஞ்ச நேரம் நில்லுங்க. ஒருத்தர் பக்கத்துல இருந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்.

ஹலோ... மச்சான்... நாந்தான். வச்சிராத. நீ ஒண்ணும் பேசவேணாம், நான் பேசறேன். முப்பத்தெட்டும் நல்லாத்தான் மூடியிருந்த. ஒண்ணுகூட கொறையில்ல. ...எனக்கு எப்படித் தெரியும்னா... எல்லாத்தையும் நாந்தாம்ப்பா தொறந்து பாத்தேன்.