மூன்று வயது விஸ்கி

சாராயத்தைச் சுவைத்துப் பார்க்கக் காலை பத்து மணிதான் நல்ல நேரம். காலைச் சாப்பாட்டின் உறைப்பு நாக்கை விட்டுப் போயிருக்கும். மத்தியானப் பசி வந்திருக்காது. தென்னஞ்சாராய வடிசாலையில் இருபத்தெட்டு வருடம் சுவை பார்த்தவன் நான். ஒரு நாளும் விழுங்கியதில்லை. நான் குடிகாரன் அல்ல என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

யோகராசா வந்ததும் பத்து மணிக்குத்தான். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, சித்திரைக் கடைசி. இயக்கம் இரண்டாகப் பிளந்து, யார் யாருடைய ஆள் என்று தெரியாமல் ஊர் வாய் மூடிக் கிடந்தது. அவன் ஸ்கொட்லாந்தில், ஆறு பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய விஸ்கி வடிசாலையில் இருந்தான். என் சின்னம்மா மகள் புஸ்பத்தின் பிள்ளை. எனக்கு மருமகன் முறை.

கையால் எழுதிய தாள் ஒட்டிய போத்தல் ஒன்றை மேசையில் வைத்தான்.

"வாற்கோதுமை மட்டும்தான் மாமா. முதல் முதலா நானே வடிச்சது. மூணு வருஷம்."

"மூணு வயசுப் பிள்ளையையா பிளேன்ல தூக்கிக்கொண்டு வந்திருக்காய் மனே?"

சிரித்தான். நான் கிளாசை மூக்கருகே பிடித்தேன். நெல் அவிக்கும்போது எழுகிற வாசம். பின்னால் கொஞ்சம் புகை. வாயில் வைத்ததும் நுனிநாக்கில் சுட்டது. தேன் போல ஒன்று வந்து, நிற்காமல் போய்விட்டது. துப்பினேன்.

"நல்ல கை. ஆனா இது இன்னும் மரத்தோட பழகல்ல. இன்னும் அஞ்சு வருஷம் பீப்பாக்குள்ள விட்டிருந்தா என்னால குறை சொல்ல ஏலாது."

அதை அவன் கொப்பியில் எழுதிக்கொண்டான். "அங்க இன்னும் பதினொரு பீப்பா கிடக்கு. திறக்கிற வருஷம் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன் மாமா."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான். என் தங்கச்சியின் மகள் அன்னப்பூரணியைக் கட்ட வேண்டுமாம்.

நீங்கள் வெளியூர். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். ஒரே குடியில் பிறந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கலியாணம் இல்லை. அவளும் அவனும் எங்கள் குடி. அந்தக் குடிக்கு நான் வண்ணக்கர். எங்கள் பேரில் கோயில் காரியம் பார்க்கிறவன்.

"தங்கச்சி முறையையா கட்டப் போறாய்?" என்றேன்.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா மாமா. அம்மாவே இந்தக் குடியில பிறக்கல்லயாம். ஐம்பத்தேழு வெள்ளத்துல எடுத்து வளர்த்த பிள்ளையாம். அப்ப எங்களுக்குள்ள முறை பிழையில்லதானே?"

"வேற ஆருக்குச் சொன்னா?"

"இன்னும் ஒருத்தருக்கும் இல்ல. வைகாசிச் சடங்குல, கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொல்லுவாவாம். அதுக்கு முதல் உங்களிட்டச் சொல்லச் சொன்னா."

கொம்மா பொய் சொல்கிறாள் என்றேன். அவன் சண்டைக்கு வரவில்லை. "யோசிங்க மாமா" என்று போத்தலை விட்டுவிட்டுப் போனான்.

யோசித்தேன். சடங்கில் முதல் மரியாதை சின்னம்மா வீட்டுக்கு. அதைப் புஸ்பத்தின் கையில் கொடுப்பவன் நான். எந்தக் குடியென்றே தெரியாத ஒருத்திக்கு இத்தனை வருடம் கொடுத்தோம் என்று ஊர் பேசினால், அதன்பின் நான் அந்த வாசலில் நிற்க முடியாது.

அடுத்த நாள் காலை, படுவான்கரைக்குப் போகும் தோணித்துறைக்குப் போனேன். போகிற வருகிறவர்களைக் கவனிக்கும் இயக்க ஆள் ஒருவன் அங்கே இருப்பான். வெளிநாட்டிலிருந்து வந்த யோகராசா மற்றப் பக்கத்தாருக்குச் செய்தி கொண்டுவந்திருக்கிறான் என்று சொன்னேன்.

"உங்கட ஆள்தானே ஐயா?"

"ஓம். அதாலதான் நானே வந்து சொல்றன்."

"வண்ணக்கர் சொன்னாச் சரிதான்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து யோகராசாவின் சைக்கிள் வெல்லாவெளி வட்டையில், வரப்போரம் கிடந்தது. அறுவடை முடிந்த வயல். ஆளைக் காணவில்லை.

புஸ்பம் என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணன், உங்கட சொல்லைக் கேப்பாங்க. பிள்ளையை விடச் சொல்லுங்க" என்றாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவளுடன் அதே துறைக்குப் போனேன். அதே ஆளிடம் அவனை விடச் சொல்லிக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாது என்றான். அந்த வைகாசியில் மரியாதையை வழக்கம்போலப் புஸ்பத்தின் கையில் கொடுத்தேன். வாங்கினாள். கோயிலில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளுக்கு இனிக் காரணம் இல்லை.

இரண்டு வருடம் ஆகிறது. அன்னப்பூரணி என் வீட்டில்தான் இருக்கிறாள். தேத்தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை.

போத்தல் அந்த அலுமாரியில் இருக்கிறது. சில நாட்களில் பத்து மணிக்கு ஒரு துளி எடுத்துப் பார்க்கிறேன். மாற்றமில்லை. மரத்தை விட்டுப் போத்தலுக்குள் வந்தபின் அதற்கு வயது ஏறாது. மூன்று என்றால் மூன்றுதான். இப்போதெல்லாம் நான் துப்புவதில்லை.

காணாமல் போனவர்களைப் பதியும் உங்கள் தாளில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரே குடிக்குள் கலியாணம் நடக்காமல் காத்தேன் என்று எழுதுங்கள். அதுதான் உண்மை. ஐம்பத்தேழு மார்கழியில், பூவரசங் கொப்பில் சேலையால் கட்டியிருந்த புஸ்பத்தை அவிழ்த்துத் தோணிக்குள் வைத்தவன் நான். எனக்குப் பதினேழு வயது. சின்னம்மா பெற்ற பிள்ளை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அன்றிலிருந்து அவள் எங்கள் குடியில் பிறந்தவள்.