ஆனையூர் பஸ்ஸில் ஒரு ரசிகர்

“இந்த சீசனும் நம்ம டீம் தோத்தா நல்லாருக்கும் தம்பி.”

ஆனையூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெரியவர் இதைச் சொன்னார். உடம்பில் சென்னை ஃபுட்பால் டீமின் ஜெர்சி. அவர் பக்கத்தில் இருந்த இளைஞன் பதறிவிட்டான்.

“என்னண்ணே, டீம் சட்டையப் போட்டுக்கிட்டு இப்பிடிச் சொல்றீங்க? புதுக் கோச் வந்திருக்காரு. கோல் அடிக்க நல்ல ஆளுக ரெண்டு பேர எடுத்திருக்காய்ங்க.”

“டிஃபென்ஸ்ல ஆளே இல்லையே. கடைசி நேரத்துல கோல் விட்டுருவாய்ங்க.”

“போன வருஷம் விட்டாய்ங்க. இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்.”

“அம்புட்டு நல்லா ஆடுவாய்ங்களா?” பெரியவரின் குரல் இறங்கிவிட்டது.

“நீங்க எந்த டீமுண்ணே?”

“இது எம்மகன் அனுப்புன சட்டை. சென்னையில வேலை பாக்குறான். ஜெயிச்ச அன்னைக்கு ஃபிரண்டுகளோட கொண்டாடப் போயிருவான். தோத்தாத்தான் எனக்குப் போன் போட்டு எல்லாரையும் திட்டுவான். நானும் ம் கொட்டிக்கிட்டே இருப்பேன். வீட்டுல வேற பேச்சுச் சத்தம் ஏது?”

இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு ஸ்டாப் போன பிறகு பெரியவர் பக்கம் திரும்பினான்.

“டிஃபென்ஸ் கொஞ்சம் வீக்குதாண்ணே.”