வீட்டில் இருக்கிறவர்

ஆமாம், வாசலில் கிடக்கிற செருப்பு அவருடையதுதான். மழை வந்தால் உள்ளே எடுத்து வைப்பேன், வெயில் வந்தால் மறுபடி வெளியே. கொடியில் காய்கிற சட்டையும் அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் துவைத்துப் போடுவேன். இதையெல்லாம் என்னை விசாரிக்கிற இந்த ஹெலனிடம் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிடு, அபர்ணா.

ஆமாம் என்பதற்கு உங்கள் ஊர் வழக்கில் நீ ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டியபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பாக நினைக்காதே. எங்கள் கரூர்ப் பக்கம் அது சாமி முன்னால் சொல்வது. காலையிலிருந்து என் பேச்சுக்கு யாரோ அர்ச்சனை செய்வதுபோல் இருந்தது.

ஹெலன் கேட்டது எனக்கு ஆங்கிலத்திலேயே புரிந்தது. புருஷன் பிரிந்து போய்விட்டார், தனியாக இருக்கிறேன் என்று சொல்லி நான் அரசாங்கத்திடம் பெனிஃபிட் பணம் வாங்கினேன். ஆனால் என் வீட்டில் ஒரு ஆண் இருப்பதற்கான அடையாளம் எல்லாம் இருக்கிறது. அவர் என்னோடு இருந்தால் நான் வாங்கியது மோசடி, வழக்கு கோர்ட்டுக்குப் போகும். இருக்கிறாரா இல்லையா, அதுதான் கேள்வி.

"அக்கா, ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. அவவுக்கு அவ்வளவுதான் வேணும்," என்றாய். அப்படி ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் முதல் கேள்விக்கே சொல்லியிருப்பேன். அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். நான் முழுக்கச் சொன்ன பிறகு நீ அவளிடம் சொன்னால் போதும்.

புகார் கொடுத்தது யார் என்று ஹெலன் சொல்லமாட்டாள். சொல்லக் கூடாதாம். எனக்குத் தெரியும், பாபகூராவில் இருக்கிற சுரேகா. ஆடிப் பதினெட்டு அன்று கோயிலில் நாங்கள் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டதைக் கூட வந்த குணவதி படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். ஹெலன் மாதிரி ஒருத்தி பார்த்தால் பட்டுப்புடவை, பூ, மஞ்சள் நூல், அவ்வளவுதான். சுரேகா தமிழ்ப் பெண். புருஷன் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு மாற்றுகிற கயிறு அது என்று அவளுக்குத் தெரியும். விட்டுவிட்டுப் போனவனுக்காக அவ்வளவு சந்தோஷமான முகத்தோடு எவள் மாற்றுவாள்?

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்னை விட்டு அவளிடம் போவதாக இருந்தார், போகவில்லை. "நான் பங்கஜத்தோடயே இருந்துடுறேன். இனிமே கூப்பிடாதே" என்று அவர் போனிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி போயிற்று. பிறகு அந்தப் போன் அணைந்துவிட்டது. அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒருத்தி நம்புவது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் போவதாக இருந்த நாள் சனிக்கிழமை, நல்ல வெயில். பெட்டியைக் கட்டி முன் அறையில் வைத்திருந்தார். காரை எனக்கு விட்டுவிட்டு ரயிலில் போவதாக ஏற்பாடு. கெட்ட மனிதர் இல்லை, அதை நீ கட்டாயம் சொல்லவேண்டும். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனால்கூட "போயிட்டு வர்றேன்" என்பார். அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "சரி, நான் போறேன்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அதனால்தான் அது இன்னும் வாசலில் கிடக்கிறது.

மிளகு ரசம் வைத்திருந்தேன். தூக்கம் வராமல் தவிக்கிறார் என்று டாக்டர் கொடுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. மிளகு தூக்கலாக இருந்தால் கசப்பு தெரியாது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

"இந்த ரசம்தான் அங்க கிடைக்காது," என்று சொல்லிச் சிரித்தார்.

ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று கொஞ்சம் படுத்தார். நான் எழுப்பவில்லை. தலையணையை மட்டும் எடுத்தேன். சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது ஒடாஹுஹுவில் ஒரு பழைய மரவீடு. தரைக்குக் கீழே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் இருக்கிறது, பின்பக்கம் சின்னக் கதவு. சமையலறைக்கு நேர் கீழே மண் மிருதுவாக இருந்தது. நல்ல இடம், ஈரம் வராது.

அவர் வேலைக்குப் போவது நின்றுவிட்டது, வாடகை நிற்கவில்லை. அவரை அங்கே விட்டுவிட்டு நான் சின்ன வீட்டுக்கு மாறிப் போக முடியுமா? அதற்காகத்தான் பெனிஃபிட் கேட்டேன். வேறு எதற்கும் இல்லை.

நான் யாருடனோ தமிழில் பேசுவது கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். உண்மைதான். சமைக்கும்போது பேசுவேன். உப்பு போதுமா என்று கேட்டால் கீழேயிருந்து ஒரு தட்டல் வரும். போதாது என்றால் ஒன்றும் வராது, நான் இன்னும் கொஞ்சம் போடுவேன். செருப்பு விஷயத்தில்தான் எங்களுக்குள் சின்னச் சண்டை. நான் வீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் படுப்பேன், காலையில் அது தெருவைப் பார்த்துக் கிடக்கும். மறுபடி திருப்பி வைப்பேன்.

ஆகையால் ஹெலன் சொல்வது சரி. அவர் பிரிந்து போய்விட்டார் என்று நான் சொன்னது பொய். அவர் எங்கேயும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறார். மோசடி என்று எழுதிக்கொள்ளச் சொல், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய்? தண்ணீர் குடி. ஹெலன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அவளுக்குச் சொல்லு.

சொல்லும்போது இன்னொன்றும் கேட்கவேண்டும். உள்ளே வைக்கும்போது நகையெல்லாம் வாங்கிக்கொள்வார்களாமே. வளையலைத் தந்துவிடுகிறேன், தோட்டையும் தந்துவிடுகிறேன். தாலியை மட்டும் கழுத்தில் விட்டுவைக்கச் சொல்லி அவளிடம் கேள். புருஷன் வீட்டில் இருக்கும்போது கழற்றக் கூடாது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி நீ எடுத்துச் சொல்லவேண்டும்.

கேட்கிறாயா, அபர்ணா? ஓம் என்று ஒரு தரம் சொல்லேன்.