கோபன்ஹேகனில் பிள்ளையைத் தொடாதே

லாச்சப்பல் தெருவில் உள்ள தமிழ்ப் பலசரக்குக் கடையில், காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். முருங்கைக்காய் வைத்திருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

“கோபன்ஹேகனுக்குப் போறாய், ஒண்டை மட்டும் கேள். கோப்பிக்கடை வாசலிலை பிள்ளை தனியக் கிடந்தால் தொட்டிடாதை.”

“பிள்ளையோ அக்கா?”

“ஓம். தள்ளுவண்டிலுக்கை, அந்தக் குளிருக்கை நல்ல நித்திரை. தாய் உள்ளை கோப்பி குடிக்கிறா. அங்கை அப்பிடித்தானாம். நான் ஆரோ மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினமாக்கும் எண்டு காவல் நிண்டன்.”

“தாய் வந்து ஏசேல்லையோ?”

“வந்தவ. நான் நடுங்கிறதைக் கண்ணாடிக்குள்ளாலை பாத்திருக்கிறா. எனக்கொரு கோப்பியைத் தந்திட்டு, சிரிச்சுக்கொண்டு திரும்ப உள்ளை போட்டா.”

“அப்ப பிள்ளை?”

அவர் முருங்கைக்காயை மேசையில் வைத்தார்.

“என்னோடைதான். ஆரெண்டே தெரியாத என்னோடை.”