புத்தகத்துக்கு ஒரு பர்கர்

இந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். அவர் பர்கர் கடை மேலாளர். நாளை சட்டமன்றக் குழுவின் முன் நான் படிக்க அந்தக் கடையின் நிறுவனமே ஒரு பேச்சு எழுதித் தந்திருக்கிறது. அதைப் படிக்காவிட்டால் அவர் வேலை போகும். நான் பேசப்போவது இதை.

அவைத்தலைவர் செனட்டர் ஹாலோவே அம்மையார் அவர்களே, சட்டம் செய்யும் சான்றோர்களே, டென்னசி மாநிலத்தின் தொலைதூர ஊர்களிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நான் லாரல் பிக்கெட். பத்தாம் வகுப்பு.

உடல் பருத்து நோய் வந்ததென்று உணவு விற்றவர்மீது எவரும் வழக்குத் தொடரக் கூடாது என்கிறது உங்கள் மசோதா. தின்றவர் விருப்பம், தின்றவர் பொறுப்பு என்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தொடக்கப் பள்ளியில் ஒரு புத்தகம் படித்தால் ஒரு பர்கர் கூப்பன். அச்சிட்டது பர்கர் நிறுவனம், கொடுத்தது ஆசிரியை. என் அண்ணன் வெஸ்லி குதிரைக் கதை படித்தான், பர்கர் தின்றான். கொள்ளையர் கதை படித்தான், பர்கர் தின்றான். வகுப்பிலேயே அதிகம் படித்தவன் அவன்தான். பின்வரிசையில் சிரிப்பீர்கள், சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். எட்டு வயதில் பரிசை வேண்டாமென்ற பிள்ளையை எங்கேனும் கண்டதுண்டா? பதினேழு வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய், கல்லீரலில் கொழுப்பு.

போன வாரம் அப்பா கேட்டார்: "யாருடா உன் வாயைப் பிடிச்சுத் திணிச்சாங்க?"

அண்ணன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டே சொன்னான்: "யாரும் திணிக்கலப்பா. நீங்க தட்டுல வச்சுக் கை தட்டினீங்க."

"பெருமையா இருந்துச்சுடா."

"எனக்கும்தாம்பா. அதான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்."

"இப்ப ஒரு புத்தகத்தையும் தொட மாட்டேங்கிற."

"ரொம்ப விலை ஆயிடுச்சுப்பா."

கடையைப் பூட்டச் சொல்ல நான் வரவில்லை. காசு கேட்டும் வரவில்லை. பிள்ளைகளின் படிப்பில் பர்கரைக் கட்டிவிட்டவர்களுக்கு அதன் கேடு பற்றி அன்றே என்ன தெரியும்? அதை எழுந்து நின்று கேட்க எங்களுக்கு இருப்பது ஒரே இடம், நீதிமன்றம். அங்கே நாங்கள் தோற்கலாம். தோற்றால் தோற்றுப்போகிறோம். கேட்டுத் தோற்க விடுங்கள். கேட்கவே விடாமல் எங்களைத் தோற்கடிக்காதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. அப்பா, கூப்பன் அச்சிட்டது நீங்கள் இல்லை. இதைச் சொன்னதற்காக நாளை உங்கள்—

அப்பா கதவைத் தட்டுகிறார். நிறுவனம் தந்த பேச்சை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்கிறார். நான் இந்தத் தாளை ஒளித்து—